கல்கத்தாவில் கழித்த 8 மாதங்கள்: தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குச் சிவகாசி சொல்லும் பாடம்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அருகில் உட்கார்ந்தார். இன்ஜினியரிங் படித்தவர். இரண்டு ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். 'ஸ்டார்ட்-அப்' தொடங்கப் போவதாகவும் அதற்காக நாம் துஆ செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நம் வீடுகளில் பெண்கள் செய்யும் ஊறுகாய், மசாலாப் பொடி, நோன்புக்கஞ்சி மாவு ஆகியவற்றை வாங்கி, செல்போன் செயலி மூலம் ஊர் ஊராக விற்பது அவருடைய திட்டம்.

நல்ல எண்ணம்தான். மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "இந்தத் தொழிலை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், தம்பி?"

"யூடியூப்ல நிறைய பார்த்திருக்கேன் ஹஜ்ரத்" என்றார்.

முதலீட்டைப் பற்றிக் கேட்டபோது, உம்மா பெயரில் இருக்கும் மனையை விற்கப் போவதாகச் சொன்னார். வீட்டில் திருமணத்துக்குக் காத்திருக்கும் ஒரு தங்கை உண்டு என்பது நமக்குத் தெரியும். அந்த மனை யாருக்காக வாங்கிப் போடப்பட்டது என்பதும் தெரியும்.

அன்று அவரிடம் நாம் சொன்னது விருதுநகர் மாவட்டத்தின் கதை. அதையே இங்கே விரிவாக எழுதுகிறோம். தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லோரும் கூடி வாசித்தால் நல்லது.

மழை பொய்த்த பூமியில்

இன்று சிவகாசி என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் மூன்றும் நினைவுக்கு வரும். நூறாண்டுகளுக்கு முன் இவற்றில் எதுவும் அங்கே இல்லை. மழை குறைந்த, கண்மாய்கள் அடிக்கடி வறண்டுபோகும் கரிசல் பூமி அது. விவசாயத்தை நம்பியவர்களுக்கு ஆண்டில் பல மாதங்கள் வேலை இருக்காது. 1899-ல் நடந்த சாதிக் கலவரம் ஊரின் மனதில் ஆழமான வடுவையும் விட்டுச் சென்றிருந்தது.

இந்தியாவுக்கான தீப்பெட்டிகள் அப்போது பெரும்பாலும் ஸ்வீடன், ஜப்பான் போன்ற வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. 1922-ல் ஆங்கில அரசு தன் வருமானத்துக்காக இறக்குமதித் தீப்பெட்டி மீதான வரியைக் கடுமையாக உயர்த்தியது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏறியது. உள்நாட்டில் தயாரித்தால் விற்கலாம் என்ற வாசல் திறந்தது.

அதே 1922-ல் சிவகாசியிலிருந்து இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் அய்ய நாடார், மற்றவர் சண்முக நாடார். இருவரும் உறவுமுறைச் சகோதரர்கள். கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர்கள் சிறிய அளவில் தீப்பெட்டி செய்துவந்தார்கள். அவர்களிடமிருந்து வங்காளத்தவர் சிலர் அந்தத் தொழிலைக் கற்றிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களில் ஒருவரான பூர்ண சந்திர ராயிடம் இந்த இருவரும் தொழில் பயின்றார்கள்.

8 மாதங்கள் கற்றது என்ன?

அவர்கள் அங்கே தங்கியது ஏறத்தாழ 8 மாதங்கள். மொழி தெரியாத ஊரில் வேறொருவர் பட்டறையில் மாணவர்களாக இருந்தார்கள்.

தீக்குச்சி பார்க்க எளிய பொருள். உள்ளே நுழைந்தால் அது ஒரு பாடத்திட்டம். குச்சியை மெழுகில் தோய்க்க வேண்டும். அப்போதுதான் தலையில் பற்றிய தீ உடலுக்கு இறங்கும். தலைமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரப் பசையும் அளவோடு சேர வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூச வேண்டும். இரண்டும் உரசினால் மட்டுமே தீப்பற்றும் என்பதால்தான் அதற்குப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்று பெயர். கலவையில் அளவு பிசகினால் ஒன்று குச்சி பற்றாது, இல்லையென்றால் பட்டறை பற்றிக்கொள்ளும். இன்றும் ஒரு தீப்பெட்டி உருவாக 14 வகை மூலப்பொருட்கள் தேவைப்படுவதாக அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

இந்த நுணுக்கங்களை அருகில் நின்று, கையில் மருந்து படிந்துதான் கற்க முடியும். மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிதல்ல. கிதாபு கடையில் கிடைக்கும், ஆனால் உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமராமல் அதன் பொருள் கிடைக்காது. வியாபாரமும் அப்படித்தான். சரக்கை வாங்குவது, கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது, கடன் கேட்பவரிடம் முகம் கோணாமல் மறுப்பது, இழுத்தடிப்பவரிடம் வசூல் செய்வது ஆகியவை எந்தக் காணொளியிலும் முழுமையாக வராது.

நம் பிள்ளைகள் பலருக்கு இங்கேதான் சிக்கல். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. மற்றொருவரிடம் வேலை பார்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். "நான் முதலாளி ஆகப் போறவன், அவர் கடையில போய் மூட்டை எண்ணணுமா?" என்கிறார்கள். ஆம், எண்ண வேண்டும். 8 மாதம் எண்ணினால் 8 ஆண்டு நட்டத்தைத் தவிர்க்கலாம்.

எந்திரத்தைக் கைவிட்ட துணிவு

1923-ல் ஊர் திரும்பியவர்கள் ஜெர்மனியிலிருந்து எந்திரம் தருவித்துத் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அதுவே அவர்களுடைய 'ஸ்டார்ட்-அப்'. ஆனால் எந்திரம் வைத்துச் செய்தது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. விரைவிலேயே கைத்தொழில் முறைக்கு மாறினார்கள்.

இதை நாம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். கடல் கடந்து வந்த எந்திரம். ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, "கையாலேயே செய்வோம்" என்று முடிவெடுக்கப் பண நட்டத்தைத் தாங்கும் மனம் மட்டும் போதாது, மானத்தை விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும். அந்த முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது. மழை இல்லாத ஊரில் வேலை தேடும் கைகள் ஏராளம். வறண்ட காற்றில் குச்சியும் பெட்டியும் சீக்கிரம் காய்ந்தன. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சில வேலைகள் வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. ஊரின் குறையாகத் தெரிந்த இரண்டும் தொழிலின் பலமாக மாறின.

அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டுப் பெருநிறுவனம் இந்தியாவிலேயே 'விம்கோ' என்ற பெயரில் பெரிய எந்திர ஆலைகளை அமைத்தது. அவ்வளவு பெரிய போட்டியின் நிழலில் கைத்தீப்பெட்டி பிழைத்தது. 1934-ல் தீப்பெட்டி மீது கலால் வரி வந்தது. பின்னாளில் அரசு சிறு உற்பத்தியாளர்களுக்கு வரியில் காட்டிய சலுகையும் கைத்தொழிலுக்குத் துணை நின்றது.

தொழில் தொடங்கும் பிள்ளைக்கு இதில் உள்ள செய்தி எளிது. முதலில் போட்ட திட்டம் வேதவாக்கு அல்ல. அலுவலகம், பெயர்ப்பலகை, செயலி, விளம்பரப் படம் என்று முதல் ஆறு மாதத்திலேயே பணத்தைக் கொட்டிவிட்டு, "இவ்வளவு செலவு செஞ்சாச்சே" என்பதற்காகவே தவறான வழியில் தொடர்ந்து போகிறவர்களை நாம் பார்க்கிறோம். போன பணம் போனதுதான். இருக்கும் பணத்தைக் காப்பதே புத்தி.

பிரிந்தார்கள், பகைக்கவில்லை

1926-ல் அந்த இருவரும் தனித்தனியே தொழில் நடத்த முடிவு செய்தார்கள். அய்ய நாடாரின் தீப்பெட்டி 'அணில்' முத்திரையோடும், சண்முக நாடாரின் தீப்பெட்டி 'காக்கா' முத்திரையோடும் சந்தைக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். பிரிவு சுமுகமாகவே நடந்தது. இரண்டு நிறுவனங்களும் வளர்ந்தன. அவற்றைப் பார்த்து மற்றவர்களும் தொழிலில் இறங்க, ஓர் ஊரே தொழில் நகரமானது.

இந்த இடத்தில் நம் சமூகத்தின் வலியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஜமாஅத்துக்கு வரும் வழக்குகளில் திருமணப் பிணக்குகளுக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் பார்ப்பது கூட்டு வியாபாரத் தகராறுகளைத்தான். இரு நண்பர்களின் விஷயம் நம் முன் மூன்று ஆண்டுகள் இழுத்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவர் பணம் போட்டார், மற்றவர் உழைப்பைப் போட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "எங்களுக்குள்ள எழுத்து எதுக்கு ஹஜ்ரத்?" என்று பெருமையாகச் சொன்னவர்கள். கடை நன்றாக ஓடியபோதுதான் சண்டை வந்தது. இப்போது கடையும் இல்லை, நட்பும் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் முஸாஃபஹா செய்யும்போது, அந்த இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போகிறார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதிவைப்பது பற்றியது என்பதை அடிக்கடி ஓதும் நாமே இதை மறக்கிறோம். எழுதிக்கொள்வது நம்பிக்கையின்மை ஆகாது. அந்த நம்பிக்கைக்கு நாம் போடும் வேலி அது.

கூட்டுத் தொழிலில் இறங்குவோர் குறைந்தது நான்கு விஷயங்களை முதல் நாளே எழுத வேண்டும். யார் எவ்வளவு முதல் போட்டார்கள்? இலாபம் எந்த விகிதத்தில் பிரியும்? உழைப்பவருக்குச் சம்பளம் உண்டா, இலாபப் பங்கா? நான்காவது, பலரும் விட்டுவிடுவது: பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது? சரக்கு, பெயர், பாக்கி, வாடிக்கையாளர் ஆகியவை யாருக்கு?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "ஒரு லட்சம் கொடுங்கள், மாதாமாதம் 2,000 ரூபாய் இலாபம் தருகிறேன்" என்று உறவினர்களிடம் பணம் வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதற்குக் 'கூட்டு' என்று பெயர் வைத்தாலும் அது வட்டிதான். ஃபிக்ஹு நூல்கள் முஷாரகா என்று சொல்லும் கூட்டு முறையில் இலாபம் ஒப்புக்கொண்ட விகிதப்படி பிரியும். நட்டம் அவரவர் போட்ட முதலின் அளவுக்கு ஏற்ப அவரவரைச் சேரும். நட்டத்தில் பங்கில்லாமல் நிலையான தொகையை மட்டும் வாங்குபவர் பங்குதாரர் ஆகமாட்டார். வேண்டியவர்களிடம் இப்படிப் பணம் வாங்கிய பிள்ளை, தொழில் சறுக்கியதும் ஊரை விட்டே ஓடிய கதைகள் நம் எல்லா ஊர்களிலும் உண்டு.

ஒரு தொழில் மூன்றானது

தீக்குச்சி மருந்தை அறிந்தவர்களுக்கு வண்ண மத்தாப்பு தூரமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து தடைப்பட்டது. 1940-க்குப் பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் ஒவ்வொன்றாக எழுந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து அச்சகங்கள் பிறந்தன. லேபிள் அச்சிட்ட எந்திரங்கள் பின்னர் காலண்டரும் நாட்குறிப்பும் பாடநூலும் திருமண அழைப்பிதழும் அச்சிட்டன. நம் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழ்கள் பலவற்றின் அட்டையும் அங்கிருந்து வந்ததுதான். இருப்பதைக் கைவிட்டுப் புதியதைத் தேடி ஓடாமல், கையில் உள்ள தொழிலின் அடுத்த படியில் கால் வைத்ததால் ஏற்பட்ட வளர்ச்சி இது.

பிடி அரிசியும் மகமையும்

சிவகாசியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் விருதுநகர். பருத்தி, எண்ணெய் வித்து, மிளகாய் வியாபாரத்தில் பெயர் பெற்ற சந்தை. அங்குள்ள நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து ஒரு சிறு பகுதியை 'மகமை' என்ற பெயரில் பொது நிதிக்குக் கொடுத்துவந்தார்கள். 1889-ல் தொடங்கப்பட்ட க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்காக, வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தார்கள். அந்தப் பள்ளியில்தான் 1903-ல் பிறந்த காமராஜர் படித்தார். பிற்காலத்தில் அவர் முதலமைச்சராகி, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவோடு பள்ளிக்கதவைத் திறந்ததை எல்லோரும் அறிவோம். விருதுநகரில் 1947-ல் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. சிவகாசியில் 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி உருவானது. தீப்பெட்டியில் சேர்த்த பணம் வகுப்பறையானது.

நம்மிடம் ஜகாத் இருக்கிறது, பைத்துல்மால் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பது மார்க்கத்தில் வரையறுக்கப்பட்டது. அதற்கு அப்பால், ஒரு மஹல்லாவின் வியாபாரிகள் மாதம் ஒரு சிறு தொகையை ஸதகாவாக ஒதுக்கி, தொழில் தொடங்கும் பிள்ளைக்கு வட்டியில்லாக் கடனும், அதைவிட முக்கியமாகத் தங்கள் கடையில் 8 மாதப் பயிற்சியும் கொடுத்தால், உம்மாவின் மனையை விற்க வேண்டிய நிலை எத்தனை வீடுகளில் தவிர்க்கப்படும்! அடுத்த சமூகத்தின் நல்லதைப் பார்த்துக் கற்பதில் நமக்கு எந்தக் குறைவும் இல்லை.

எழுதப்படாத கணக்கு

இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். சிவகாசியின் வளர்ச்சிக்கு இன்னொரு கணக்கேடு உண்டு.

எந்த மலிவான உழைப்பு அந்தத் தொழிலைக் காப்பாற்றியதோ, அதே மலிவு பின்னாளில் குழந்தைகளைத் தீப்பெட்டிப் பட்டறைக்குள் இழுத்தது. இருட்டோடு கிராமங்களுக்கு வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் இருந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்று அது உத்தரவிட்டது. தொடர் முயற்சிகளால் அந்த நிலை வெகுவாக மாறியிருக்கிறது.

பட்டாசு விபத்துகள் மட்டும் இன்னும் முழுமையாக ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள்கூட அல்ல. முதல் புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தார். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்ற விதிகள் தெளிவாக இருக்கின்றன. தீபாவளி நெருங்கும்போது 'ஆர்டர் முடிக்கணும்' என்ற அவசரத்தில் அவை மீறப்படுகின்றன. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வேறு சிலருக்கு உள்குத்தகைக்கு விடப்படுகின்றன. உராய்வுக்கும் வெப்பத்துக்கும் ஆர்டரின் அவசரம் தெரியாது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்து, சரவெடிக்கும் பேரியம் கலந்தவற்றுக்கும் தடை விதித்தது. அன்று முதல் அத்தொழிலை நம்பிய குடும்பங்களின் கவலை இன்னொரு பக்கம். பட்டாசு வெடிப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பு இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. ஆனால் ஆலை வாசலில் பிழைப்புக்காக நிற்கும் அந்தப் பெண்ணின் உயிர் எந்தச் சமூகத்தாருடையதாக இருந்தாலும் மதிப்புமிக்கது.

தொழிலின் வளர்ச்சி வேறு, மனிதனின் வளர்ச்சி வேறு. விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்டால் முதல் வளர்ச்சி தெரியும். நம்மிடம் வேலை பார்ப்பவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புகிறாரா, அவருடைய கூலி உரிய நேரத்தில் கைக்குப் போகிறதா என்று கேட்டால்தான் இரண்டாவது தெரியும். ஊறுகாய் வியாபாரத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வீட்டிலிருந்து பொடி இடித்துக் கொடுக்கும் விதவைச் சகோதரிக்கு ஒரு கிலோவுக்கு என்ன கொடுக்கிறோம்? அவருடைய பணத்தை எத்தனை நாள் நிறுத்திவைக்கிறோம்? பரக்கத் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் அது.

அந்தப் பிள்ளை என்ன செய்தார்?

நம் பேச்சு அவருக்கு அன்று பிடிக்கவில்லை. முகம் வாடித்தான் எழுந்து போனார். ஒரு வாரம் கழித்து அவருடைய வாப்பா வந்தார். "மனையை வித்துக் கொடுக்கவா வேணாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். கண்ணில் தூக்கமில்லை.

"இப்போது விற்காதீர்கள். 'வேண்டாம்' என்றும் சொல்லாதீர்கள்" என்றோம். மகனின் ஆர்வத்தை உடைத்தால் அது வேறொரு நட்டம். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவரிடம் நாமே பேசினோம். சம்பளத்துக்கு ஆள் எடுப்பதுபோலவே எடுத்துக்கொண்டார், சலுகை எதுவும் காட்டவில்லை. காலை 7 மணிக்குக் கடை திறப்பது அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

இப்போது நான்காவது மாதம் நடக்கிறது. சென்ற வாரம் பள்ளியில் பார்த்தபோது, மசாலாப் பொடி மழைக்காலத்தில் எப்படிக் கட்டிபிடிக்கிறது, எந்த ஊர்க் கடைக்காரர்கள் பாக்கியை எத்தனை நாளில் தருகிறார்கள் என்றெல்லாம் நமக்கு விளக்கினார். செயலியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிளம்பும்போது திரும்பி நின்று, "முதல்ல நாலு வீட்டுச் சரக்கை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன் ஹஜ்ரத், கைக்காசுலயே" என்றார்.

மனை இன்னும் உம்மாவின் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காக இப்போது நாம் மனம் நிறைந்து துஆ செய்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.